வழி சொல்வோனின் அமானிதம்

ஜகாத் பெறுதற்கு உரியோர் எண்வகையினர் எனத் திருக்குர்ஆன் வகுத்துரைக்கிறது. 'அத்தவ்பா' அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் அவ்வெண்வகையினருள் இறுதியாக வைத்து எண்ணப்படுபவர் 'இப்னுஸ் ஸபீல்' ஆவார். வழிப்போக்கர் என்று நாம் பொதுவாகப் பொருள் கூறுகிறோம். ஆயினும் அந்த அரபுச் சொற்றொடரின் நேர்ப்பொருள் 'பாதையின் மகன்' என்பதாகும். வீட்டை விட்டுப் புறப்பட்டவனுக்குத் தாயும் தந்தையும் அவன் நடக்கும் பாதையே என்ற கருத்து அதில் தொனிக்கிறது. தன் ஊரில் அவன் செல்வந்தனாகவே இருக்கலாம். அயலூரில் கைப்பொருள் தீர்ந்த அன்று அவன் ஏழையாகிறான். ஆகவே ஷரீஅத் அவனையும் தேவையுடையோர் வரிசையில் சேர்த்தது.

ஆனால் முஸாபிரின் வறுமை பொருள் வறுமை மட்டுமன்று. அறியாத ஊரில் அவனுக்குத் திசை தெரியாது. நீர் எங்கே கிடைக்கும் எனத் தெரியாது. எந்தத் தெரு எங்கே கொண்டு சேர்க்கும் எனத் தெரியாது. பொருளை யாரும் கொடுத்துதவலாம். வழியை, அதனை உண்மையாக அறிந்தவனே கொடுக்க முடியும். வழி தெரியாத நிலத்தில் திகைத்து நிற்பவனுக்கு வழிகாட்டுவதும் ஸதகாவே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களின் தொகுப்பில் காண்கிறோம். கொடையென்று சொன்ன பிறகு, கள்ள நாணயத்தைக் கொடுப்பது எப்படிக் குற்றமோ, பொய்யான வழியைச் சொல்வதும் அப்படியே குற்றமாகிறது. வழியறிவு ஓர் அமானிதம் என்பதனை நம் முன்னோர் எவ்வாறு உணர்ந்திருந்தனர் என்பதற்கு வரலாற்றிலிருந்து சில சான்றுகளை ஈண்டு நோக்குவோம்.

முதற் சான்று ஹிஜ்ரத்தே. கி.பி. 622இல் மக்காவை விட்டுப் புறப்பட்ட அண்ணலாரும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திக் கொண்டவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவர். அவர் முஸ்லிம் அல்லர். குறைஷியரின் மார்க்கத்திலேயே இருந்தவர். ஆயினும் பாதைகளை நன்கறிந்தவர். சொன்ன சொல் தவறாதவர். அவரிடம் இரண்டு ஒட்டகங்களை ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகைக்கு வருமாறு சொல்லியிருந்தனர். குறைஷியர் நூறு ஒட்டகங்களைப் பரிசாக அறிவித்துத் தேடிய நேரம் அது. ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்பரிசு அவருக்குக் கிடைத்திருக்கும். அவரோ சொன்ன நாளில் சொன்ன இடத்திற்கு வந்து, கடற்கரையோரமான பாதையில் அழைத்துச் சென்றார். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு எந்தப் பயணத்திலிருந்து தொடங்குகிறதோ அந்தப் பயணமே ஒரு வழிகாட்டியின் நாணயத்தின் மேல் நடந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நட்டு வைத்த கற்கள்

எல்லோருக்கும் எப்போதும் ஒரு வழிகாட்டி கிடைப்பதில்லை. ஆகவே, பேசும் வழிகாட்டிக்குப் பதிலாகப் பேசாத வழிகாட்டியைப் பாதையில் நிறுத்தும் வழக்கம் தோன்றிற்று. அரபியில் 'மீல்' என்ற சொல் தூரத்தையும் குறிக்கும். அத்தூரத்தைக் காட்ட நட்ட கல்லையும் குறிக்கும். மூன்று மீல் கொண்டது ஒரு பர்ஸக். உமய்யா கலீஃபா அப்துல் மலிக் (ஆட்சி 685 - 705) காலத்து மைல்கற்கள் சில பாலஸ்தீனப் பாதைகளில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. ஈலியா எனப்பட்ட ஜெரூசலத்திலிருந்து அவ்விடம் 8 மைல் என்பதைத் தெரிவிக்கும் கல் அவற்றுள் ஒன்று. கலீஃபாவின் பெயரும் இறைவனின் திருநாமமும் பொறித்த கல்லில் தூரத்தின் கணக்கும் இடம் பெற்றது. அரசன் பெயரால் சொல்லும் கணக்குப் பொய்க்கலாகாது அல்லவா?

கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் ஹஜ்ஜுப் பாதை 1,400 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. பெரும் பகுதி மணலும் கரும்பாறையும். ஹிஜ்ரி 134இல் அப்பாஸியக் கலீஃபா அபுல் அப்பாஸ் அஸ்ஸஃப்பாஹ், கூஃபாவிலிருந்து மக்கா வரையில் வழிகாட்டும் தூண்களையும் மைல்கற்களையும் நிறுவியதாக வரலாற்றாசிரியர் தபரீ குறிக்கிறார். கலீஃபா அல்மஹ்தீ ஹிஜ்ரி 161இல் தங்குமிடங்களையும் நீர்த்தேக்கங்களையும் அமைக்கவும், பழைய மைல்கற்களைப் புதுப்பிக்கவும் ஆணையிட்டார். ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் சுபைதா அம்மையார் (மறைவு ஹிஜ்ரி 216; கி.பி. 831) அப்பாதை நெடுகிலும் குளங்களையும் கிணறுகளையும் தம் செல்வத்தால் அமைத்தார். இன்றளவும் அதற்கு 'தர்ப் சுபைதா' என்றே பெயர். அப்பாதையில் குளமே வழிகாட்டி. ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்த நீர்நிலைக்குச் செல்வதே பயணம்.

ஸ்பெயின் நாட்டு இப்னு ஜுபைர், ஹிஜ்ரி 580 (கி.பி. 1184) இல் ஹஜ்ஜை முடித்து ஈராக்கிய யாத்திரைக் கூட்டத்தோடு அதே வழியில் சென்றவர். சுபைதா அம்மையார் மறைந்து 350 ஆண்டுகள் கடந்த பின்னரும், அவருடைய அறச்செயல்கள் இல்லாவிடில் இப்பாதையில் எவரும் செல்ல இயலாது என்று அவர் தம் பயண நூலில் எழுதியுள்ளார். அவர் தரும் மற்றொரு செய்தியும் சுவையானது. அந்தக் கூட்டம் ஒரு நகரம் போன்று பரந்து கிடந்தது. ஏதேனும் காரியமாகத் தன் இடத்தை விட்டு அகன்றவன், தக்க அடையாளம் வைத்துக் கொள்ளாவிடில் திரும்பி வந்து சேர முடியாது. அப்படித் தவறியவன் அமீரின் கூடாரத்திற்குச் சென்று முறையிடுவான். அமீர் ஒரு கட்டியக்காரனிடம் அவனை ஒப்படைப்பார். கட்டியக்காரன் அவனை ஒட்டகத்தின் மேல் தன் பின்னால் ஏற்றிக் கொண்டு, அவன் பெயரையும் அவனுடைய ஒட்டகக்காரனின் பெயரையும் ஊரையும் உரக்கக் கூவியவாறு கூட்டம் முழுவதும் சுற்றி வருவான். தவறிப் போனவனைத் தேடி ஓர் ஏற்பாடு; அதற்கென்று ஓர் ஆள்! இக்காலத்துப் பெரிய புகைவண்டி நிலையங்களில் ஒலிபெருக்கி செய்யும் பணியை அன்று ஓர் ஒட்டகமும் ஒரு மனிதக் குரலும் செய்தன.

மணலில் வரைந்த கடல்

கல்லுக்கு அடுத்தது நூல். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அஞ்சல் துறையில் பொறுப்பு வகித்த இப்னு குர்தாத்பிஹ், பாதைகளையும் நாடுகளையும் பற்றி எழுதிய நூல் அவ்வகையில் முற்பட்டது. ஆயினும் வழியறிவுக்கு ஓர் ஒழுக்கம் வகுத்தவர் என்று சொல்லத்தக்கவர் ஜெரூசலத்தில் பிறந்த அல்முகத்தஸீ (ரஹ்) அவர்களே. 'அஹ்ஸனுத் தகாஸீம்' என்ற அவருடைய நூல் ஹிஜ்ரி 375 (கி.பி. 985) இல் நிறைவுற்றது.

ஊர் ஊராகத் திரிந்து கற்றவர் அவர். சென்ற இடமெல்லாம் மக்கள் அவரை வெவ்வேறு விதமாக அழைத்தனர். அவ்வாறு தமக்கு வழங்கிய பெயர்கள் முப்பத்தாறு என்று அவரே கணக்குச் சொல்கிறார். கூலிக்கு நூல் கட்டினார், சிறையிலும் இருந்தார். தம் செய்திகளை அவர் மூவகையாகப் பிரித்துக் கொண்டார்: தாமே கண்டவை, நம்பத்தக்கோரிடம் கேட்டவை, நூல்களில் படித்தவை. ஹதீஸ் கலை வல்லுநர் அறிவிப்பாளரை ஆராய்வது போன்று, பாதையைப் பற்றிய செய்தியையும் 'சொன்னவர் யார், கண்டவரா கேட்டவரா' என்று ஆராய்ந்தார். நாட்டுப் படங்களிலும் ஓர் ஒழுங்கைக் கையாண்டார்: பாதைகளுக்குச் சிவப்பு, மணற்பரப்புக்கு மஞ்சள், கடலுக்குப் பச்சை, ஆறுகளுக்கு நீலம், மலைகளுக்குப் புழுதி நிறம்.

அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மணிமகுடமாக விளங்குவது. அரபுக் கடலின் வடிவம் எத்தகையது என்பதில் கற்றோரிடையே கருத்து வேற்றுமை இருந்தது. சிலர் அதனைத் தோளில் போர்த்தும் தைலஸான் போன்று வரைந்தனர். சிலர் பறவை போன்று வரைந்தனர். ஏடன் கடற்கரையில் ஒரு நாள் அவர் கடலை நோக்கியவாறு சிந்தனையில் ஆழ்ந்திருந்தார். அருகில் இருந்தவர் அபூஅலீ இப்னு ஹாஸிம் என்ற முதியவர், வணிகர்களின் தலைவர், அவருடைய கப்பல்கள் அக்கடலின் எல்லைகள் வரை சென்று வருபவை. என்ன கவலை என்று அவர் வினவ, முகத்தஸீ தம் ஐயத்தைக் கூறினார். முதியவர் தம் உள்ளங்கையால் மணலைச் சமன்படுத்தி அதன்மேல் கடலை வரைந்து காட்டினார். அது தைலஸானாகவும் இல்லை, பறவையாகவும் இல்லை. வளைவுகளும் நாக்குப் போன்ற நீட்டங்களும் பல குடாக்களும் கொண்டதாக இருந்தது. முகத்தஸீ அதனையே ஏற்றுக் கொண்டார். குல்ஸும் முதல் அப்பாதான் வரை அரபுத் தீபகற்பம் முழுவதையும் கப்பலில் சுற்றி வந்தவர் அவர். அப்படியிருந்தும், தம்மினும் மிகுதியாகக் கண்ட ஒருவரின் கைக்கு முன்னால் ஏடுகளை ஒதுக்கி வைத்தார். கல்வியின் பணிவு என்பது இதுவே.

கப்பலில் ஒரு முஅல்லிம்

நிலத்தில் கல் நடலாம். கடலில் எதை நடுவது? இறைவன் நட்டு வைத்தவற்றையே நோக்க வேண்டும். தரையின் இருளிலும் கடலின் இருளிலும் வழியறிவதற்காக நட்சத்திரங்களைப் படைத்ததை 'அல்அன்ஆம்' அத்தியாயத்தின் 97ஆம் வசனம் ஓர் அருட்கொடையாக எடுத்துரைக்கிறது.

அரபுக் கடலோடிகள் அடிவானத்தை 32 திசைகளாகப் பகுத்து, நட்சத்திரங்கள் உதிக்கும், மறையும் இடங்களைக் கொண்டு அத்திசைகளுக்குப் பெயரிட்டனர். வடதுருவ நட்சத்திரம் அவர்களுக்கு 'அல்ஜாஹ்'. வடக்கே செல்லச் செல்ல அது உயரும். தெற்கே வரவரத் தாழும். அந்த உயரத்தை 'இஸ்பஉ', அதாவது விரல் என்ற அளவால் குறித்தனர். வட்டம் முழுவதற்கும் 224 விரல் என்பது ஒரு கணக்கு. அளக்கும் கருவி மிக எளியது: சிறு மரப்பலகை ஒன்று, அதன் நடுவிலிருந்து முடிச்சுகள் இட்ட கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்திலும் மேல் விளிம்பு நட்சத்திரத்திலும் படியுமாறு நோக்குவர். 'கமால்' என்பது அக்கருவிக்கு வழங்கிய பெயர். சோழமண்டலக் கரையின் தமிழ்க் கடலோடிகளும் இத்தகைய பலகையைக் கையாண்டனர். 'இராப்பலகை' என்பது அவர்கள் இட்ட பெயர். நாடும் துறைமுகத்தில் நட்சத்திரம் எத்தனை விரல் உயரத்தில் நிற்குமோ, அந்த உயரம் வரும் வரையில் வடக்கோ தெற்கோ சென்று, பின்னர் அதே உயரம் மாறாமல் கிழக்கோ மேற்கோ திரும்பினால் அத்துறைமுகத்தை அடையலாம். துருவ நட்சத்திரமும் அசையாமல் நிற்பதன்று, சிறு வட்டமிடுவது என்பதை அறிந்து அதற்கும் திருத்தம் கணக்கிட்டனர். இவையன்றிக் கரையின் அடையாளங்களும் உண்டு: பறவைகள், கடற்பாசி, நீரின் நிறம், ஆழம் பார்க்கும் கயிற்றில் ஒட்டி வரும் சேறு. கடற்பாம்புகள் தென்பட்டால் இந்தியாவின் மேற்குக் கரை அண்மையில் உள்ளது என்பது அவர்கள் கண்ட உண்மை.

இவற்றையெல்லாம் அறிந்து கப்பலுக்கு வழி சொல்பவருக்கு அரபியில் 'முஅல்லிம்' என்று பெயர். அச்சொல்லே நம் கரையில் 'மாலுமி' என்று வழங்கலாயிற்று. மதரஸாவில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே ஓதிக் கொடுப்பவரும் முஅல்லிம்; நடுக்கடலில் திசை சொல்பவரும் முஅல்லிம். இரு தொழிலுக்கும் ஒரே பெயர் அமைந்தது பொருத்தமே. இருவரிடமும் பிறர் தம் உயிரனையதை ஒப்படைக்கின்றனர். இருவரும் தவறு சொன்னால் அத்தவறு உடனே புலப்படாது. கரை தவறிய பின்னரே தெரியும்.

அந்த முஅல்லிம்களுள் புகழ் வாய்ந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸல் கைமாவை ஒட்டிய ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். தந்தையும் பாட்டனாரும் முஅல்லிம்களே. ஹிஜ்ரி 895 (கி.பி. 1490) அளவில் அவர் நிறைவு செய்த 'கிதாபுல் ஃபவாயித்' கடல்வழிக் கலையின் களஞ்சியம். தமக்கு முற்பட்ட மூன்று ஆசிரியர்களை மதித்துப் போற்றும் அவர், அவர்கள் தொகுத்து எழுதியவர்களேயன்றிக் கடலில் சோதித்து அறிந்தவர்கள் அல்லர் என்பதையும் மறைக்கவில்லை. தம் தந்தையார் செங்கடல் பற்றி இயற்றியதையும் தம் அனுபவம் கொண்டு திருத்தினார். தந்தையின் மதிப்பைவிடப் பயணியின் உயிர் பெரிது என்று அவர் கருதினார் போலும்.

தெரியாதவன் கையில் கப்பல்

வழியறிந்தவன் இல்லாவிடில் என்ன நேரும் என்பதை இப்னு பதூதாவின் வரலாறு காட்டும். கி.பி. 1304இல் தாஞ்சியரில் பிறந்து 1325இல் புறப்பட்ட அவர், வழி தவறி அலைந்ததையும் மறைக்காமல் சொன்னவர்.

கி.பி. 1342இல் டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டவர், கோல் எனப்பட்ட இன்றைய அலிகார் அருகே கொள்ளையரிடம் அகப்பட்டார். தப்பிய பின் ஏழெட்டு நாள்கள் தனியே காட்டிலும் பாழிடங்களிலும் திரிந்தார். ஒரு கிணற்றைக் கண்டு, வாளி இல்லாமையால் தம் காலுறைத் தோலைத் துணியில் கட்டி இறக்கி நீர் முகந்தார். இரண்டாம் முறை துணி அறுந்து காலுறை கிணற்றில் விழுந்தது. மற்றொரு காலுறையைக் கட்டினார். அந்நிலையில் கறுத்த மனிதர் ஒருவர், கையில் கூஜாவும் தடியும் தோளில் பையுமாக வந்து ஸலாம் உரைத்தார். யார் என்று அவர் பார்ஸி மொழியில் வினவ, நான் வழி தவறியவன் என்றார் இப்னு பதூதா. நானும் அவ்வாறே என்றார் வந்தவர். தம் கூஜாவில் நீர் முகந்து கொடுத்தார். பையிலிருந்து கடலையும் அரிசியும் கொடுத்தார். நடக்க இயலாது போனவரைத் தம் முதுகில் சுமந்து மக்கள் வாழும் ஊரில் சேர்த்து மறைந்தார். அவர் கூறிய பெயர் 'மகிழ்ந்த உள்ளம்' என்னும் பொருளுடையது.

மற்றொரு நிகழ்ச்சி நம் கரையைச் சார்ந்தது. கி.பி. 1344 அளவில் இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட தமிழகக் கிழக்குக் கரைக்கு அவர் கப்பலேறினார். காற்று வலுத்தது, கப்பலுக்குள் நீர் ஏறிற்று. வழியறிந்த தலைவன் அக்கப்பலில் இல்லை என்று அவரே குறிப்பிடுகிறார். பாறைகளில் மோதும் நிலை வந்து, பின்னர் ஆழமற்ற நீரில் சிக்கியது. மரங்களைப் பிணைத்துத் தெப்பம் அமைத்து, உடன் வந்தோரை முதலில் கரைக்கு அனுப்பினார். தாம் அன்றிரவைக் கப்பலின் பின்பகுதியில் கழித்தார். மறுநாள் காலையில் அவ்வூர் மக்கள் படகில் வந்து அவரைக் கரை சேர்த்தனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதையும் அவர் எழுதியுள்ளார். உலகைச் சுற்றிய பெரும் பயணியை நம் கரையின் படகு மக்கள் காத்தனர். அவர்களுள் எவர் பெயரும் ஏட்டில் இல்லை.

ஒரு பழிச்சொல்

இனி, வழிகாட்டியின் மீதே சுமத்தப்பட்ட ஒரு பழியை ஆராய்வோம். வாஸ்கோ ட காமாவுக்கு இந்தியாவின் வழியைக் காட்டியவர் இப்னு மாஜித் என்று பள்ளிப் பாடங்களிலும் பொது நூல்களிலும் பலகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. சிலர் அதனைப் பெருமையாகவும், சிலர் துரோகமாகவும் பேசுவர். முகத்தஸீயின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம்: சொன்னவர் கண்டவரா, கேட்டவரா?

வாஸ்கோ ட காமா மலிந்தியிலிருந்து 1498 ஏப்ரல் 24இல் புறப்பட்டு மே 20இல் கள்ளிக்கோட்டையை அடுத்த கரையை அடைந்தார். இப்னு மாஜிதின் பெயரைக் கூறுபவர் மக்காவில் வாழ்ந்த அறிஞர் குத்புத்தீன் நஹ்ரவாலீ (மறைவு ஹிஜ்ரி 990, கி.பி. 1582). அவர் அப்பயணத்திற்குப் பின் பிறந்தவர். அதனை எழுதியதோ பல பத்தாண்டுகள் கழித்து. மதுமயக்கத்தில் வழி சொன்னார் என்பது அவர் தரும் செய்தி. அப்பயணத்தில் சென்ற போர்த்துக்கீசியர் ஒருவரின் குறிப்பேடோ, மலிந்தி மன்னர் கொடுத்த வழிகாட்டி ஒரு கிறிஸ்தவர் என்கிறது. பின்வந்த போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் காஸ்தன்யேதாவும் பர்ரோஸும் அவர் குஜராத்தைச் சேர்ந்தவர் என்கின்றனர். பர்ரோஸ் தரும் 'மாலெமோ கானா' என்ற பெயரின் முற்பகுதி முஅல்லிம் என்ற பட்டமே. இவர்களுள் எவரும் இப்னு மாஜிதின் பெயரைக் கூறவில்லை. தாம் அவர்களுக்கு வழிகாட்டியதாக இப்னு மாஜிதும் எங்கும் எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்ரான் நஹ்ரவாலீயின் கூற்றை எடுத்துரைத்த பின்னரே இக்கதை உலகெங்கும் பரவிற்று. 1971இல் வெளிவந்த டிப்பெட்ஸின் ஆராய்ச்சி நூலும், சிரியா நாட்டு அறிஞர் இப்ராஹீம் கூரியின் ஆய்வுகளும் அதனை ஏற்கவில்லை.

கேட்டதைக் கண்டது போல எழுதியதால், வாழ்நாளெல்லாம் கப்பல்களைக் கரை சேர்த்த ஒருவரின் பெயர் நானூறு ஆண்டுகள் கரை தவறி நின்றது. பாதையைப் பற்றிய பொய் ஒரு கப்பலைக் கவிழ்க்கும். மனிதனைப் பற்றிய பொய் தலைமுறைகளை வழி தவறச் செய்யும். இரண்டிற்கும் மருந்து ஒன்றே: தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லுதல்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் நெடுந்தொலைவிலிருந்து, தம் ஊரார் கொடுத்தனுப்பிய ஒரு கேள்வியோடு வந்தார். எனக்கு இது தெரியாது என்றார் இமாம். இத்தனை தூரம் வந்த நான் என் ஊராரிடம் என்ன சொல்வேன் என்று வந்தவர் திகைத்தார். மாலிக்குக்குத் தெரியாது என்று சொல்லுங்கள் என்றே விடை வந்தது. வெட்கத்துக்காகவோ வந்தவர் மனம் நோகாமைக்காகவோ அவர் ஒரு வழியைக் கற்பித்துச் சொல்லவில்லை.

இந்நாளில் கைபேசியின் திரையே முஸாபிருக்குத் தெருவைக் காட்டுகிறது. அதன் பின்னாலும் நிலத்தை அளந்து, பெயரைக் கேட்டுப் பதிந்தவர்கள் இருக்கின்றனர். அவர்களும் ஒரு வகையில் மைல்கல் நட்டவர்களே. ஆயினும் பேருந்து நிலையத்தில் மூட்டையோடு நிற்கும் முதியவரும், மருத்துவமனை எங்கே என்று வினவும் தாயும் இன்னும் நம் முகத்தைப் பார்த்தே கேட்கின்றனர். அறிந்திருந்தால் திருப்பம் வரையிலேனும் உடன் நடந்து காட்டுவோம். அறியாவிடில் அறியேன் என்று சொல்லி, அறிந்தவரிடம் சேர்ப்போம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதனைப் பழக்குவோம். பாதையின் மகனுக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமைகளுள் இதுவும் ஒன்று. அதனை நேர்மையோடு நிறைவேற்றும் நற்பேற்றை இறைவன் நமக்கு அருள்வானாக.